அடுத்த வீட்டுப் பெண் (1960): டி.ஆர்.ராமச்சந்திரன் வாயசைப்பது சரியா, பிசகா?

#1 திண்ணைவாசி

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பரணில் அப்பாவின் விசிடி பெட்டி கிடைத்தது. பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது, தேறியது நாலைந்துதான். அதில் ஒன்று ‘அடுத்த வீட்டுப் பெண்’. அட்டையைப் பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது. “கண்ணாலே பேசிப் பேசி படம்டா அது, முதல்ல போடு” என்றார்.

முதல் தட்டு நன்றாக ஓடியது. இரண்டாவது தட்டில்தான் வினை. படம் முன்னால் போகிறது, சத்தம் அரை வினாடி பின்னால் வருகிறது. அஞ்சலிதேவி பேசி முடித்து வாயை மூடிய பிறகு கடைசி வார்த்தை கேட்கிறது. வேறு படமாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்தக் கதை என்ன? பாடத் தெரியாத ஒருவர் ஜன்னலில் நின்று வாயை மட்டும் அசைக்கிறார், மறைவில் நண்பர் பாடுகிறார், எதிர்வீட்டுப் பெண் மயங்குகிறாள். அதனால் டி.ஆர்.ராமச்சந்திரனின் உதடு பாட்டோடு ஒட்டாமல் போகும்போது, அது கதையின் பிசகா, தட்டின் பிசகா என்று எனக்குத் தெரியவே இல்லை. அம்மா இரண்டுக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையிலோ நல்ல பிரிண்டிலோ பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவர் சரியாக வாயசைக்கிறாரா, வேண்டுமென்றே பிந்துகிறாரா?

#2 பென்ச்டிக்கெட்

ஓ, ‘படோசன்’ இந்திப் படத்தின் தமிழ் ரீமேக்கா இது? கிஷோர் குமார் செய்த நண்பன் வேஷத்தைத் தங்கவேலு செய்தால் எப்படி இருக்கும்! காப்பி அடிப்பதிலும் ஒரு அளவு வேண்டாமா?

#3 மாம்பலம்மாமி

தம்பி, கொஞ்சம் நிதானம். ‘அடுத்த வீட்டுப் பெண்’ வந்தது 1960-இல். ‘படோசன்’ 1968. எட்டு வருஷம் கழித்து வரப்போகிற படத்தை எப்படிக் காப்பி அடிப்பது?

#4 பென்ச்டிக்கெட்

மன்னிக்கவும் மாமி. அப்படியென்றால் அவர்கள்தான் நம்மிடமிருந்து எடுத்தார்களா? ரொம்ப சந்தோஷம்.

#5 ஹைதராபாத்வாசி

இவ்வளவு சீக்கிரம் சந்தோஷப்படாதீர்கள். நம்முடையதும் சொந்தக் கதை இல்லை. வேர் வங்காளத்தில் இருக்கிறது. அருண் சௌத்ரி எழுதிய கதை, 1952-இல் ‘பாஷேர் பாரி’ என்ற படமானது. தலைப்புக்குப் பொருளே பக்கத்து வீடு என்பதுதான். பானு பந்தோபாத்யாய், சபித்ரி சாட்டர்ஜி நடித்தார்கள். இசை சலில் சௌத்ரி, பின்னாளில் ‘செம்மீன்’ படத்துக்கு இசையமைத்த அதே ஆள்.

அடுத்த வருஷமே தெலுங்கில் ‘பக்கிண்டி அம்மாயி’. நாயகன் ரேலங்கி, நாயகி அஞ்சலிதேவி. ஏழு வருஷம் கழித்து அஞ்சலிதேவி தன் சொந்த நிறுவனத்தில் அதையே தமிழில் எடுத்தார். கணவர் ஆதிநாராயண ராவ் இசை, வேதாந்தம் ராகவையா இயக்கம். ஆக 1953-இலும் அதே அடுத்த வீட்டுப் பெண், 1960-இலும் அதே அடுத்த வீட்டுப் பெண். வீடு மாறியது, மாப்பிள்ளை மாறினார், பெண் மாறவில்லை.

1981-இல் தெலுங்கில் மறுபடி எடுத்தார்கள், சந்திரமோகனும் ஜெயசுதாவும். அதில் ஒரு விசேஷம் இருக்கிறது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

#6 கொட்டகைக்காரன்

திண்ணைவாசி அண்ணா, உங்கள் கேள்விக்கு நேரான பதில் என்னிடம் இல்லை, ஒரு கதை இருக்கிறது. அப்பா டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர்.

பிலிமில் படமும் அதற்குரிய சத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. சத்தம் சுமார் இருபது கட்டம் முன்னால் அச்சாகியிருக்கும். ஏனென்றால் லென்ஸுக்கு முன்னால் பிலிம் ஒவ்வொரு கட்டமாக நின்று நின்று நகர வேண்டும், சத்தத்தைப் படிக்கிற இடத்திலோ நிற்காமல் சீராக ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே பிலிமைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து விடுவார்கள். அதற்குப் பெயர் லூப். ரீல் மாட்டும்போது அந்த லூப் கூடக்குறைய ஆனால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். வினாடிக்கு 24 கட்டம். இரண்டு கட்டம் பிசகினால் யாருக்கும் தெரியாது. ஏழெட்டு கட்டம் போனால் தரை டிக்கெட்டிலிருந்து மண்ணாங்கட்டி பறந்து வரும்.

இந்தப் படம் மறுவெளியீட்டில் எங்கள் கொட்டகைக்கு வந்தபோது ஒரு ரீலில் அப்பா லூப்பைத் தப்பாக விட்டுவிட்டாராம். கையெல்லாம் நடுங்கிப் போய் விசிலுக்காகக் காத்திருந்திருக்கிறார். விசிலே வரவில்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. “நான் செஞ்ச தப்பை டைரக்டர் கணக்குல எழுதிட்டாங்க” என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளிக்குக்கூடத் தெரியாதாம்.

உங்களுக்கு வந்த சந்தேகம் புதிதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

#7 சங்கானைக்கிளி

நான் இந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்து இலங்கை வானொலியில் கேட்டு வளர்ந்தனான். ‘கண்ணாலே பேசிப் பேசிக் கொல்லாதே’ என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அப்படியே இருப்பம். பி.பி.ஸ்ரீநிவாசின் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து இரகசியம் சொல்லுமாப்போல் இருக்கும். படத்தில் யாரோ வடிவான ஆள், நிலா வெளிச்சத்தில், கண்ணீரோடு பாடுகிறார் என்று முப்பது வருசம் நினைத்துக்கொண்டிருந்தனான்.

பிறகு ஒருநாள் கணினியில் காட்சியைப் பார்த்தன். கடவுளே. அந்த முட்டைக்கண்ணும் முழியும்! ஏமாந்தது அஞ்சலிதேவி மட்டுமில்லை, நானும்தான்.

#8 மாம்பலம்மாமி

சங்கானைக்கிளி, அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. கதாநாயகி ஏமாந்த மாதிரியே வானொலி கேட்டவர்கள் எல்லாரும் ஏமாந்திருக்கிறோம். ஸ்ரீநிவாஸைத் தமிழ்நாட்டு வீடுகளில் கொண்டு சேர்த்த பாட்டுகளில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அது ஒரு கேலிக் காட்சிக்காகப் போட்ட பாட்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அவரைச் சென்னை ட்ரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டலில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தலையில் தொப்பி, சட்டைப் பையில் வரிசையாகக் கலர் கலராகப் பேனா, மேஜை மேல் நோட்டு. எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார். கிட்டே போய்ப் பேச எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

#9 ஒலிக்கூடம்

பாடல் ஒலிப்பதிவிலும் டப்பிங்கிலும் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

படப்பிடிப்புத் தளத்தில் பாட்டை ஸ்பீக்கரில் போடுவார்கள், நடிகர் கூடவே பாட வேண்டும். சும்மா உதட்டை அசைத்தால் போதும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் திரையில் கண்டிப்பாகத் தெரிந்துவிடும். உச்சஸ்தாயி போகும்போது கழுத்து நரம்பு புடைக்க வேண்டும், மூச்சு எடுக்கிற இடத்தில் தோள் லேசாக ஏற வேண்டும். அதனால்தான் விஷயம் தெரிந்த நடிகர்கள் தளத்தில் நிஜமாகவே கத்திப் பாடுவார்கள். குரல் கேவலமாக இருக்கும், படத்தில் பிரமாதமாக வரும்.

இப்போது இந்தப் படத்துக்கு வருவோம். ராமச்சந்திரன் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பாடவில்லை என்று நமக்குத் தெரிய வேண்டும், பாடுகிறார் என்று அவளுக்குத் தோன்ற வேண்டும். முகம் ஒன்றுதான், பார்க்கிறவர்கள் இரண்டு கட்சி. என் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்றால், அவர் உதடு பாடுகிறது, கழுத்து பாடவில்லை. கண் மட்டும் அடுத்த வரி என்ன வரப்போகிறதோ என்று பயந்துகொண்டே இருக்கிறது. எந்த இயக்குநரும் மற்ற படங்களில் “கட்” சொல்லித் திரும்ப எடுக்கச் சொல்கிற தப்புகளையெல்லாம் இங்கே கூலி கொடுத்துச் செய்ய வைத்திருக்கிறார்கள்.

விசிடி விஷயம்: அந்தத் தட்டைக் கணினியில் போட்டு விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓட்டுங்கள். சத்தம் பிந்தினால் ‘ஜே’ விசையைத் தட்டுங்கள். ஒரு முறை தட்டினால் 50 மில்லிசெகண்ட் முன்னால் வரும். அரை வினாடி என்றால் பத்து முறை. முந்திவிட்டால் ‘கே’. அஞ்சலிதேவி சாதாரணமாகப் பேசுகிற ஒரு காட்சியை வைத்துச் சரி செய்துகொண்டு, அப்புறம் பாட்டுக்குப் போங்கள்.

#10 திண்ணைவாசி

நன்றி சார். இது தோன்றவே இல்லை எனக்கு. வார இறுதியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

#11 சந்தேகசாமி

எல்லாம் சரி. ராமச்சந்திரன் 1917-இல் பிறந்தவர். 1960-இல் நாற்பத்து மூன்று வயது. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக் காதலிக்கிற வயதா இது? ‘படோசன்’ நாயகன் சுனில் தத் பார்க்கவாவது நன்றாக இருந்தார்.

#12 வடபழனிவண்டி

சந்தேகசாமி அய்யா, சுனில் தத் நன்றாக இருந்ததுதான் ‘படோசன்’ படத்தின் சிக்கலே. அந்த உயரத்துக்கும் உடம்புக்கும் அவருக்குப் பாட்டு எதற்கு? சும்மா ஜன்னலில் நின்றாலே போதுமே. அதனால் அவரை அசடாகக் காட்டத் தலைவாரி, உடைமாற்றி என்னென்னவோ செய்ய வேண்டியிருந்தது. ராமச்சந்திரனுக்கு அந்தப் பாடே இல்லை. இவருக்கு இரவல் குரல் இல்லாவிட்டால் கதி இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் நம்பலாம்.

அவரைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லை, எனக்கு அது ஒரு ஆதங்கம். ஏவி.எம்மின் ‘சபாபதி’ (1941) பார்த்திருக்கிறீர்களா? பம்மல் சம்பந்த முதலியார் நாடகம். அசட்டு எஜமானன் பெயரும் சபாபதி, அதைவிட அசட்டு வேலைக்காரன் பெயரும் சபாபதி. வேலைக்காரன் காளி என்.ரத்தினம், எஜமானன் ராமச்சந்திரன். முழு நீள நகைச்சுவைப் படம் ஒன்றை இருபத்து நாலு வயதில் தோளில் தூக்கிய ஆள். அந்த உருண்டைக் கண்ணுக்காக அவரை ஹாலிவுட்டின் எட்டி காண்டரோடு ஒப்பிடுவார்கள். ‘வாழ்க்கை’யில் (1949) வைஜயந்திமாலா அறிமுகமானபோது நாயகன் இவர்தான். கல்கியின் ‘பொய்மான் கரடு’ கதையை ‘பொன்வயல்’ என்று படமாக எடுத்தார். இன்றைக்குப் பெயர் சொன்னால் “அன்பே வா படத்தில் சரோஜாதேவிக்கு அப்பாவா வருவாரே” என்கிறார்கள். அவ்வளவுதான் மிச்சம்.

இன்னொரு விஷயம். அவருடைய முதல் படம் ‘நந்தகுமார்’, 1938. தமிழில் ஒருவர் நடிக்க இன்னொருவர் பின்னணியில் பாடியது அந்தப் படத்தில்தான் தொடங்கியது என்பார்கள். தேவகியாக நடித்த அம்மாளுக்கு லலிதா வெங்கட்ராமன் பாடினார். இரவல் குரல் நுழைந்த படத்தில் அறிமுகமாகி, இருபத்து இரண்டு வருஷம் கழித்து அதே இரவல் குரலைக் கேலி செய்கிற படத்தில் நாயகன். இதை யாராவது உட்கார்ந்து திட்டமிட்டால்கூட இப்படி அமையாது.

#13 மாம்பலம்மாமி

உறவு முறை ஒன்று சொல்கிறேன். இதில் ‘கண்களும் கவிபாடுதே’ என்று சீர்காழி கோவிந்தராஜனும் திருச்சி லோகநாதனும் சேர்ந்து பாடிய போட்டிப் பாட்டு உண்டு. லோகநாதனின் மாமியார் சி.டி.ராஜகாந்தம். ‘சபாபதி’யில் காளி என்.ரத்தினத்துக்கு ஜோடி. அதே ‘சபாபதி’யில் ராமச்சந்திரனுக்குத் தமிழ் வாத்தியாராக வந்து திண்டாடிய கே.சாரங்கபாணியும் இந்தப் படத்தில் இருக்கிறார். பத்தொன்பது வருஷம் கழித்து ஒரே குடும்பம் கூடின மாதிரிதான்.

#14 பென்ச்டிக்கெட்

‘கண்களும் கவிபாடுதே’ கேட்டேன். முதல் தடவை. சீர்காழி ஒரு பிடி பிடித்தால் லோகநாதன் அதைவிட ஒரு படி மேலே போகிறார். யார் தோற்றது என்றே தெரியவில்லை. ‘படோசன்’ படத்தின் போட்டிப் பாட்டு ‘ஏக் சதுர் நார்’ மாதிரி கோமாளித்தனம் கம்மி, சங்கீதம் ஜாஸ்தி. என் முதல் பதிவை யாராவது அழிக்க முடியுமா?

#15 மாம்பலம்மாமி

வேண்டாம், இருக்கட்டும். அது இல்லாவிட்டால் இந்த இழையே வந்திருக்காது.

#16 வடபழனிவண்டி

‘ஏக் சதுர் நார்’ பற்றியும் ஒரு வார்த்தை. அந்த முதலடி 1941-இல் ‘ஜூலா’ படத்தில் அசோக் குமார் பாடியது. அண்ணன் பாட்டைத் தம்பி கிஷோர் எடுத்துக் குழப்பியடித்தார். எதிர்த்தரப்பில் மெஹ்மூதுக்குப் பாடிய மன்னா டே எவ்வளவு பெரிய வித்வான்! கதைக்காகத் தோற்க வேண்டியிருந்தது. எனக்கு அந்தப் பாட்டு உயிர். ஆனால் மெஹ்மூத் செய்த, நாயகிக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ‘மதராஸி’ மாஸ்டரைப் பார்க்கும்போது சிரிப்போடு கொஞ்சம் கசப்பும் வருகிறது. நெற்றியில் பட்டை, குடுமி, “அய்யோ” என்று ஒரு இழுப்பு. தெற்கே இருப்பவன் என்றால் அவர்களுக்கு அவ்வளவுதான். தமிழில் எடுத்தபோது அந்த வாத்தியார் நம் ஊர்க்காரர். அவர் பேச்சை வைத்துச் சிரிக்க வழியில்லை, அவர் அலட்டலை வைத்துத்தான் சிரிக்க வேண்டும். அது கொஞ்சம் கஷ்டமான வேலை.

#17 சந்தேகசாமி

நாமும் தமிழ்ப் படங்களில் வட்டிக்கடை சேட்டுகளையும் மலையாள டீக்கடைக்காரரையும் வைத்துச் செய்தது என்னவாம்?

#18 வடபழனிவண்டி

அதுவும் உண்மைதான். மறுக்கவில்லை.

#19 ஹைதராபாத்வாசி

முன்பு பாதியில் விட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதையில் மறைவிலிருந்து பாடுகிற நண்பன்தான் அச்சாணி. 1953 தெலுங்குப் படத்தில் அந்த நண்பனாக நடித்தது யார் தெரியுமா? ஏ.எம்.ராஜா. பாடகரே நடித்தார். 1981 தெலுங்கில் எஸ்.பி.பாலசுப்ரமணியம். மறுபடியும் பாடகரே. ‘படோசன்’ படத்தில் கிஷோர் குமார். ஆக மூன்றிலும் நண்பனின் வாயும் குரலும் ஒரே ஆளுடையது. நாயகன் மட்டும்தான் இரவல்.

தமிழில் மட்டும் அந்த நண்பன் தங்கவேலு. அவர் பாடகர் இல்லை. அவருக்குப் பாடுவதே ஸ்ரீநிவாஸ். அதாவது ராமச்சந்திரன் தங்கவேலுவின் குரலுக்கு வாயசைக்கிறார், தங்கவேலு ஸ்ரீநிவாசின் குரலுக்கு வாயசைக்கிறார். கடன் வாங்கியவனிடம் கடன். எதிர் ஜன்னலில் அஞ்சலிதேவி பாடினாலும் அதுவும் இன்னொருத்தர் குரல்தான். அந்தத் தெருவில் ஒருவர்கூடச் சொந்தக் குரலில் பாடவில்லை. அப்புறம் அவள் “என்னை ஏமாற்றிவிட்டாயே” என்று கோபப்படுகிறாள்!

இது தெரிந்து செய்த குறும்பா, தங்கவேலு அப்போது ஏறுமுகத்தில் இருந்ததால் போட்டார்களா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். முந்தின வருஷம்தான் ‘கல்யாணப் பரிசு’ வந்து எழுத்தாளர் பைரவனாகவும் மன்னார் அண்ட் கம்பெனிக்காரராகவும் ஊரையே சிரிக்க வைத்திருந்தார். ஏமாற்று வேலை என்றால் அவரை விட்டால் யார்? ஆனால் தெரியாமல் செய்தாலும் தமிழ்ப் படத்தில்தான் அந்தக் கேலி முழுசாகி இருக்கிறது. மற்ற மூன்றிலும் ஒரு நிஜப் பாடகர் இருக்கிறார், கதை எங்கேயோ ஒரு இடத்தில் தரையைத் தொடுகிறது. இதில் தரையே இல்லை.

#20 ஒலிக்கூடம்

சபாஷ். இதை நான் யோசித்ததே இல்லை. தளத்தில் எப்படி எடுத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஸ்பீக்கரில் ஸ்ரீநிவாஸ். தங்கவேலு சரியாக வாயசைக்க வேண்டும், நாம் அவரைப் பாடகர் என்று நம்ப வேண்டும். ராமச்சந்திரன் கொஞ்சம் தப்பாக வாயசைக்க வேண்டும், நாம் அவரை நம்பக் கூடாது. ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர். தங்கவேலு பிசகினால் மறுபடி எடுக்க வேண்டும், ராமச்சந்திரன் பிசகாவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். உதவி இயக்குநர் பாவம்.

#21 கொட்டகைக்காரன்

அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

#22 திண்ணைவாசி

சனிக்கிழமை இரவு உட்கார்ந்து பார்த்தோம். ஒலிக்கூடம் சார் சொன்னபடி அஞ்சலிதேவி பேசுகிற காட்சியில் நிறுத்தி ‘ஜே’வைத் தட்டினேன். பத்து போதவில்லை, பதினொன்று ஆனது. “ம், இப்ப பொருந்திடுச்சு” என்று அம்மாவே சான்றிதழ் கொடுத்தார். அதற்கப்புறம் பாட்டுக் காட்சிக்குப் போனேன்.

ராமச்சந்திரன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சார் சொன்னது எனக்கும் தெரிந்தது, அல்லது சார் சொன்னதால் தெரிந்தது. எப்படியோ, தட்டின் பிசகு போன பிறகும் அந்தக் கண்ணில் பயம் அப்படியே இருந்தது. அதனால் என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் எழுத நினைத்தேன்.

ஆனால் அம்மாவிடம் கேட்டேன். ஹைதராபாத்வாசி சொன்ன விஷயம் எதையும் சொல்லவில்லை. “எப்படிம்மா இருக்கு, இப்ப வாய் சரியா ஒட்டுதா?” என்றேன்.

அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டே, “இவனுக்கு நல்லாத்தான்டா ஒட்டுது. பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டுப் பாடறானே தங்கவேலு, அவனுக்குத்தான் ஒட்டவே இல்ல. அந்த மெஷினைக் கொஞ்சம் தட்டிப் பாரு” என்றார்.